அதிகாலையில் வீசும் இந்தக் காற்றைப் புயல் என்று சொல்லலாமா? எங்கள் புளோக்கில் என்ன முன்னேற்பாடு செய்வது?

கேள்வி: சுவா சூ காங் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் சுவா சூ காங்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினொன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். வேதாரண்யத்திலிருந்து என் அம்மா எங்களுடன் சில மாதம் தங்குவதற்காக வந்திருக்கிறார். சென்ற வாரம் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும், மேற்குப் பக்கத்துச் சன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. நானும் என் கணவரும் எழுந்து வருவதற்குள் அம்மா எல்லா வாளிகளிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டார். பேரப்பிள்ளைகளைச் சன்னலுக்கு எட்டாத இடத்தில் உட்காரவைத்துவிட்டு, துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். இங்கே அப்படி எதுவும் ஏற்றுவதில்லை என்று நான் சொன்னது அவருக்குச் சமாதானமாக இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது. ஆனால் கீழே இறங்கிப் பார்த்தபோது கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது.

அம்மா 2018ஆம் ஆண்டு கஜா புயலின்போது ஊரில் தனியாக இருந்தவர். தோப்பில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. பல நாட்கள் மின்சாரமோ தொலைபேசியோ இல்லாததால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் நான் இங்கே தவித்தேன். ஆகவே அவருடைய பயத்தை வயதானவர்களின் வீண் பதற்றம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

எங்கள் வட்டாரத்து வசிப்போர் குழுவில் நான் தொண்டூழியம் செய்கிறேன். இந்த மரம் விழுந்த பிறகு, தமிழ்க் குடும்பங்களுக்காக அரைப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு எழுதித் தரும்படி குழுவில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் கேட்கிறேன். இங்கே வீசுவது புயல்தானா? உண்மையான புயல் சிங்கப்பூருக்கு வர வாய்ப்பு உண்டா? அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் முன்கூட்டியே செய்யவேண்டியது என்ன?

பதில்: ஓய்வுபெற்ற வானிலைப் பணியாளர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் வீட்டில் அன்று அடித்தது பெரும்பாலும் சுமத்ரா சூறைக்காற்றாக இருக்கும். வந்த நேரமும் திசையும் அதற்குப் பொருந்துகின்றன. இரவில் சுமத்ராவின் கரையிலிருந்தும் மலேசியத் தீபகற்பத்தின் கரையிலிருந்தும் குளிர்ந்த நிலக்காற்று மலாக்கா நீரிணையை நோக்கி வீசுகிறது. வெதுவெதுப்பான கடலின் மேல் அவை இரண்டும் எதிரெதிரே சந்திக்கும்போது, அங்குள்ள ஈரக்காற்று மேலே தள்ளப்பட்டு இடிமேகங்களாக எழுகிறது. சில நாட்களில் அந்த மேகங்கள் தனித்தனியாக நில்லாமல் நீண்ட வரிசையாக இணைந்து கிழக்கு நோக்கி நகர்கின்றன. மழையோடு மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி முன்பக்கமாகப் பாய்கிறது. மழைக்குச் சற்று முன்னால் சன்னலை அடிக்கும் காற்று அதுதான். பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் இது நடக்கும். காற்றின் வேகம் பொதுவாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை இருக்கும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மேற்கிலிருந்து வருவதால் துவாஸ், ஜூரோங், சுவா சூ காங் பக்கம் முதலில் அடி வாங்குகிறது.

ஓரிரு மணி நேரந்தானே என்று இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி மாலையில் இப்படி ஒரு வரிசை வந்தபோது, தீவின் மேற்கே உள்ள தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. தீவெங்கும் 300க்கும் மேற்பட்ட மரங்கள் சேதமடைந்தன. வழக்கமான விடியல் நேரத்தில் வராமல் அது மாலையில் வந்தது என்பதையும் உங்கள் அறிவிப்பில் ஒரு வரி சொல்லலாம். அதே தெங்காவில் 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகம் பதிவாகியிருக்கிறது. சிங்கப்பூரில் இதுவரை அளக்கப்பட்ட உச்ச வேகம் அதுவே.

உங்கள் தாயார் அறிந்த புயல் வேறு வகையானது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, கடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்று வலுப்பெறுகிறது. அதன் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போதுதான் இந்திய வானிலைத் துறை அதைப் புயல் என்று அறிவிக்கிறது. இந்த 62 என்ற எண்ணைத் தெங்காவின் 83.2 என்ற எண்ணோடு நேராக ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். முன்னது சில நிமிடங்களின் சராசரி. பின்னது சில நொடிகளே நீடித்த ஒரு வீச்சு. கஜா போன்ற புயலில் அந்தச் சராசரி வேகமே மணிக்கணக்கில் நீடித்து, மையம் கடந்தபின் எதிர்த்திசையிலிருந்தும் அடிக்கிறது. ஒரு பக்கமாக அசைத்து வேர் தளர்ந்த தென்னையை மறுபக்கமாகப் பிடித்து இழுத்தால் அது எப்படி நிற்கும்?

உண்மையான புயல் இங்கே வருமா என்றால், மிக மிக அரிது. காற்றைச் சுழல வைப்பது பூமியின் சுழற்சியால் தோன்றும் கொரியோலிஸ் விளைவு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறைந்துகொண்டே போகிறது. சிங்கப்பூர் ஏறத்தாழ 1.3 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. புயல்கள் பொதுவாக 5 பாகைக்கு அப்பால்தான் உருவாகும். ஆனாலும் 2001ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வாமெய் என்ற புயல் தென்சீனக் கடலில் ஏறத்தாழ 1.4 பாகையில் உருவாகி, 27ஆம் தேதி சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் ஜோகூர்க் கரையைக் கடந்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் குளிர்ந்த பாய்ச்சலும், போர்னியோவுக்கு அருகே ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்த காற்றும் சேர்ந்து அதற்கு வேண்டிய சுழற்சியைக் கொடுத்துவிட்டன. 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே உருவான சென்யார் புயல், சுமத்ராவின் வடபகுதியில் பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. ஆகவே வரவே வராது என்று அறிவிப்பில் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் நீங்கள் எழுதவேண்டிய முக்கியமான வேறுபாடு வேகத்தில் இல்லை, முன்னறிவிப்புக் காலத்தில் இருக்கிறது. வங்கக் கடல் புயலுக்குப் பல நாட்கள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைக்கும். மக்களை முகாமுக்கு அழைத்துச் செல்லலாம், படகுகளைக் கரையேற்றலாம். சுமத்ரா சூறைக்காற்றை ரேடார் படத்தில் பார்த்து எச்சரிக்கும்போது நம் கையில் இருப்பது ஓரிரு மணி நேரந்தான். பிற்பகல் இடிமழை நம் தலைக்கு மேலேயே உருவாவதால் அந்த அவகாசமும் கிடைப்பதில்லை. எனவே எச்சரிக்கை வந்தபின் செய்யும் வேலைகள் இங்கே மிகக் குறைவு. பெரும்பாலானவற்றைக் காற்றில்லாத நாளிலேயே செய்து முடித்திருக்க வேண்டும்.

பதில்: கட்டுமானத் தளத்திலிருந்து

மேலே எழுதிய ஐயா காற்றைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் மின்னலைப் பற்றிச் சொல்கிறேன். பதினேழு ஆண்டுகளாகக் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். இந்தத் தீவில் ஆண்டுக்கு 150 நாட்களுக்கு மேல் இடி கேட்கிறது. எங்கள் தளத்தில் காற்றைவிட மின்னலுக்காகத்தான் வேலையை அதிகமாக நிறுத்தியிருக்கிறோம்.

எங்களிடையே "கேட் ஒன்" என்று ஒரே ஒரு சொல் போதும். மின்னல் அபாயம் நெருங்கிவிட்டது என்று பொருள். வானம் இன்னும் வெளுத்திருந்தாலும் திறந்த மேல்தளத்தில் இருப்பவர்கள் அனைவரும் கீழே இறங்கிவிட வேண்டும். கோபுரக் கிரேன் ஓட்டுநர் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, கிரேனின் கை காற்றோடு தானாகத் திரும்பும்படி அதன் பிடிப்பை விடுவித்துவிட்டு இறங்குவார். அதை இறுக்கிக் கட்டி வைத்தால் நல்லது என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். கட்டி வைத்த கை காற்றை முழுப்பரப்பிலும் தாங்கவேண்டி வரும். விடுவித்த கை காற்று போகும் திசையில் திரும்பி நின்றுகொள்ளும்.

குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. மழை இன்னும் தொடங்கவில்லை என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். இடி காதில் விழுகிறது என்றாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். கூரையுள்ள நடைபாதையில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம், ஆனால் மின்னலுக்குக் கட்டடத்தின் உட்பகுதியோ, கண்ணாடி ஏற்றப்பட்ட பேருந்து அல்லது காரோதான் நம்பகமானது. திடலில் பந்து விளையாடும் பிள்ளைகள் மரத்தடிக்கு ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மரத்தடி என்ற ஒன்றை மட்டும் தயவுசெய்து அறிவிப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

நம் ஊர்களிலிருந்து வந்து தங்குவிடுதிகளில் இருக்கும் தம்பிமார் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்தவெளியில்தான் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். தளத்தில் ஒலி எழுப்பி எச்சரிக்க ஆள் உண்டு, ஆட்டக்களத்தில் இல்லை. அவர்களிடமும் இந்த அறிவிப்பைச் சேர்க்க வழியிருந்தால் நான் என் செலவில் நகலெடுத்துக் கொடுக்கிறேன்.

பதில்: ஈசூன் தொண்டூழியர்

எங்கள் புளோக்கில் மூன்று ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறோம். அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்பது சன்னலைப் பற்றித்தான். பழைய வீடுகளில் வெளிப்புறமாகத் திறக்கும் சன்னல்களை அலுமினிய ரிவெட்டுகள் பிடித்திருக்கும். நாளடைவில் அவை தேய்ந்துபோகும். ஒரு நாள் காற்று ஓங்கி அடித்தால் சன்னல் முழுவதுமாகக் கழன்று கீழே விழும். பதினொன்றாம் மாடியிலிருந்து விழும் சன்னலின் கீழே யார் நடந்துகொண்டிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? இதனால்தான் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்றவேண்டும் என்று 2004ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் வாடகைக்கு வந்தவர்கள், பழைய வீட்டை வாங்கியவர்கள் பலருக்கு இது தெரியாது. நாங்கள் வீடு வீடாகச் சென்று கேட்டபோது, பார்த்ததே இல்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். ரிவெட்டின் தலை மங்கலாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் அங்கீகாரம் பெற்ற சன்னல் பணியாளரை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். நழுவிச் செல்லும் வகைச் சன்னலாக இருந்தால், அது தடத்தை விட்டு வெளியேறாதபடி தடுக்கும் சிறு கட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது துணி உலர்த்தும் கழிகள். ஈரத்துணியோடு நீட்டிய மூங்கில் கழி ஒரு பாய்மரத்தைப் போலக் காற்றைப் பிடிக்கும். வேலைக்குப் போகும் முன் துணி போட்டுவிட்டுச் செல்லும் குடும்பங்களுக்கு இது சிரமந்தான். காலையில் மேற்கே மின்னல் தெரிந்தால் உள்ளேயே காயப்போடுங்கள் என்று சொல்கிறோம். பூந்தொட்டிகளைச் சுவர் விளிம்பில் வைக்கவே கூடாது. துளசித் தொட்டியாயிற்றே என்று தயங்கிய பாட்டி ஒருவருக்கு, வெயில் படும்படி தாழ்வாரத் தரையிலேயே ஓர் இடம் பார்த்துக் கொடுத்தோம்.

மரத்தைப் பற்றி ஒரு சொல். பெரிய மரங்களைத் தேசியப் பூங்காக் கழகமும் நகர மன்றமும் சோதித்துக் கவாத்து செய்கின்றன. ஆனால் தினமும் அந்த வழியே நடப்பவர் நாம்தான். அடிமரத்தில் காளான், புதிதாக விழுந்த விரிசல், வேர்ப்பக்கம் மண் தூக்கிக்கொண்டிருப்பது ஆகியவற்றைக் கண்டால் படமெடுத்து அனுப்புங்கள்.

வெள்ளத்தைப் பற்றி நான் சுருக்கமாக முடிக்கிறேன். பதினொன்றாம் மாடிக்கு அது பெரிய கவலை இல்லை. ஆனால் தரைத்தளத்துக் கடைக்காரர்களும் நிலத்தடிக் கார் நிறுத்துமிடமும் இருந்தால், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் திடீர் வெள்ள எச்சரிக்கையைத் தொலைபேசியில் பெறும்படி பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். லோங்காங்கில் (வடிகாலில்) குப்பை கொட்டாதிருப்பதும் இதில் சேரும். ஒரு பிளாஸ்டிக் பை வடிகால் வாயை அடைத்தால் போதும், அரை மணி மழையில் கணுக்கால் அளவு நீர் நின்றுவிடும்.

பதில்: பொத்தோங் பாசிர் பழையவர்

வெள்ளத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டீர்களே என்பதற்காக எழுதுகிறேன். 1978ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இன்றைய ஆண்டு சராசரி 2,113 மில்லிமீட்டர் என்றால், ஆண்டு மழையில் ஏறத்தாழக் கால் பங்கு ஒரே நாளில் இறங்கியது என்று பொருள். ஏழு பேர் இறந்தார்கள். அப்போது எனக்குப் பதினான்கு வயது. பொத்தோங் பாசிரில் காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் இருந்த காலம். என் தந்தை எங்களைப் பலகை வீட்டின் பரணில் ஏற்றிவிட்டு, அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டிக்கு நீர் ஏறியது தெரியவே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.

இளையவர்கள் இன்றைய கால்வாய்களைப் பார்த்து இவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்கிறார்கள். எழுபதுகளில் 3,200 ஹெக்டர் நிலம் வெள்ள அபாயப் பகுதியாக இருந்தது. இன்று அது 30 ஹெக்டருக்கும் குறைவு. அந்த அகலமான கால்வாய்கள்தான் இதைச் செய்தன. அப்படியும் 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையில் கடைகளுக்குள் நீர் புகுந்தது. அதன்பின் பூமலைக்கு (தாவரவியல் பூங்காவுக்கு) அருகே நிலத்தடியில் பெரிய நீர்த்தேக்கத் தொட்டியும், ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் நீரைப் பிரித்து ஆற்றுக்கு விடும் வழியும் அமைத்து 2018இல் முடித்தார்கள். 2025 ஜனவரியில் பருவக்காற்றுப் பாய்ச்சலின்போது சாங்கியில் இரண்டே நாளில் 255.2 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அது அதிகம். அத்தகைய மழையில் பெரும்பாலும் இடியோ சூறைக்காற்றோ இருக்காது, சாதுவாகப் பெய்துகொண்டே இருக்கும். கடல் ஏற்றமும் அதே நேரத்தில் வந்தால் கால்வாய் நீர் போக இடமில்லாமல் தேங்கும். அதைப் பார்த்து மக்கள் எச்சரிக்கையாவதில்லை என்பதுதான் என் கவலை.

கேள்வி கேட்டவர்: சுவா சூ காங் வாசகி

நீங்கள் ஒவ்வொருவரும் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மிக்க நன்றி. எல்லாவற்றையும் நேற்றிரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சன்னல் ரிவெட்டுகளை இன்று காலை பார்த்தோம். சமையலறைச் சன்னலில் இரண்டு பழையவை. மாற்றுவதற்கு ஆளிடம் சொல்லியாயிற்று.

அம்மா இரண்டு விஷயங்களைக் கேட்கச் சொன்னார். சுமத்ரா காற்றை அறிவிப்பில் சூறாவளி என்று எழுதினால் ஊரிலிருந்து வந்தவர்கள் கஜாவை நினைத்துப் பயந்துவிடுவார்களே, வேறு சொல் இல்லையா என்பது ஒன்று. மற்றது, கூண்டு எண்ணைப் பற்றியது. பதினொன்று என்பதற்கு என்ன பொருள் என்று பொத்தோங் பாசிர் ஐயாவின் பதிவைக் கேட்டதும் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும் போலிருக்கிறது, ஆனால் சொல்லாமல் சிரிக்கிறார்.

பதில்: ஓய்வுபெற்ற வானிலைப் பணியாளர்

உங்கள் தாயார் கேட்டது மிகச் சரி. தமிழ்நாட்டு வழக்கில் சூறாவளி என்றால் புயலே. ஆகவே சூறைக்காற்று என்று எழுதுங்கள். முதல் முறை எழுதும்போது, ஓரிரு மணி நேரமே நீடிக்கும் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.

பதினொன்றாம் எண் கூண்டைப் பற்றி. ஒன்று முதல் பத்து வரை உள்ள எண்கள் புயல் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்கின்றன. பதினொன்று அப்படியல்ல. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, துறைமுக அதிகாரி தாமே நிலைமையை மோசம் என்று கருதுகிறார் என்று பொருள். அதாவது, இனிமேல் வெளியிலிருந்து தகவல் வராது. கஜாவுக்குப் பிறகு உங்கள் தாயார் இருந்த நிலை அதுதானே. பொத்தோங் பாசிர் அன்பர் சொன்ன பாட்டியும் அதே நிலையில்தான் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதால் உங்கள் தாயாருக்கு அந்தக் கூண்டு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

உங்கள் புளோக்கில் தனியாக இருக்கும் முதியவர்கள் சிலருக்குத் தொலைபேசி எச்சரிக்கையைத் திறந்து படிக்கத் தெரியாது. காது கேளாதவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை எந்த நாளிலும் பதினொன்றாம் எண் கூண்டுதான் ஏற்றப்பட்டிருக்கிறது.

கேள்வி கேட்டவர்: சுவா சூ காங் வாசகி

அம்மா சொல்ல நினைத்ததும் இதுவேதான் என்கிறார். கஜா கடந்த மறுநாள் காலை, மூன்று தெரு தள்ளியிருந்த ஒரு மீனவப் பெண்தான் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி வந்து அம்மாவின் கதவைத் தட்டினாராம். இத்தனை ஆண்டுகளில் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

அறிவிப்பின் கடைசிப் பத்தியை மாற்றி எழுதுகிறேன். எங்கள் புளோக்கில் தனியாக வசிக்கும் முதியவர்கள் ஒன்பது பேர் என்று குழுவின் பட்டியலில் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் எந்தக் கதவை யார் தட்டுவது என்று மாடி வாரியாக, அவர்களின் ஒப்புதலைப் பெற்று, பொறுப்பாளர்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுக்கப் போகிறோம். ஏழாம் மாடிக்கும் பதின்மூன்றாம் மாடிக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கீழ்த்தளத்தில் கூடுகிறோம். சுவா சூ காங்கில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், வாருங்கள். கட்டுமானத் தளத்து அண்ணன் நகல் எடுத்துத் தருவதாகச் சொன்னதற்கு நன்றி. தங்குவிடுதிக்கு எத்தனை வேண்டும் என்று சொல்லுங்கள்.